மத்தியான வாட்டம்

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லாரும் குழாயக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பதடி ரப்பர் குழாயைத் தோளில் சுற்றிப் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறுகிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? கல்யாணமான புதிதில் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவள். கல் சுமந்து கழுத்து போன பிறகு செடிப் பக்கம் வந்தாள். மொட்டைமாடியில் நூற்றுப் பத்துத் தொட்டிகள்: பூசணி, பீர்க்கு, தக்காளி, கத்தரி, நடுநடுவே சாமந்தி. ஒன்பது வருஷமாக அத்தனைக்கும் அவள் ஒருத்திதான். பூச்சி அரித்த இலையைக் கிள்ளும்போது பூச்சியின் வம்சத்தையே திட்டுவாள். ஒரு கொடி பிஞ்சு விட்டால் பக்கத்துக் கொடியிடம் சொல்லிக்காட்டுவாள்: "பாத்தியா அவளை? நீயும் இருக்கியே, தின்னுட்டு!"

கோடையில் விடிவதற்குள் வந்து, பத்து மணிக்குள் தண்ணீர் ஊற்றி முடித்துப் போய்விடுவாள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மறுபடி வருவாள். யாரும் வகுத்துக் கொடுத்த நேரமில்லை, செடியும் அவளுமாகப் பேசி வைத்துக்கொண்டது.

இதில் மண் விழுந்தது குடியிருப்புச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்ததும்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நல்ல மனிதர், ஆனால் ஒருமுறை விடை போட்டுவிட்டால் அழிக்க மாட்டார். ஒருநாள் மண் மாற்றும் வேலையால் குழாயக்கா மத்தியானம் வரை இருக்கும்படி ஆயிற்று. பன்னிரண்டு மணிக்குச் செயலாளர் மாடிக்கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். பூசணி இலைகள் மடக்கின குடைகள் மாதிரி தொங்கின. குழாயக்கா தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டையும் கூட்டினார். விடை வந்துவிட்டது.

"ஏம்மா, செடி செத்துக்கிட்டிருக்கு, நீ உக்காந்திருக்கே?"

"சாகல சார். இது மத்தியான வாட்டம். வெயில் இறங்கினா தானா எந்திரிச்சிடும். உள்ள ஈரம் இருக்கு, விரல விட்டுப் பாருங்க."

விரலை விடாமலே கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளே உத்தரவு வந்தது: வேலை நேரம் பத்திலிருந்து ஐந்து, பன்னிரண்டு மணிக்குக் கட்டாயம் ஒரு தண்ணீர். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வெயிலுக்குச் சட்டம் எழுதுவது எப்போதும் சுலபம்.

தரைச்சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. குழாயிலிருந்து முதலில் வருவது வெந்நீர். நாலாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வர, சுவரைப் பிடித்து நின்றாள். தண்ணீர்த்தொட்டி நிழலில் ஓர் அணில் நாலு காலையும் பரப்பி வயிற்றை ஈரச் சிமெண்டில் ஒட்டிக் கிடந்தது. "உனக்குத் தெரிஞ்சது சங்கத்துக்குத் தெரியலையே, மகராசி" என்றாள் அதனிடம்.

வீட்டில் மகள், "வேலைய விட்டுடும்மா" என்றாள்.

"நான் ஏன்டி விடணும்? தப்பு நேரத்து மேல. நேரம்தான் மாறணும், நான் இல்ல."

மூன்று வாரம் ஓடியது. மத்தியானத் தண்ணீர் குடித்த பூசணி மத்தியானம் தொங்கத்தான் செய்தது. போதாக்குறைக்கு மஞ்சளும் அடித்தது. செயலாளர் புகார் நோட்டில் எழுதினார்: 'மாடியில் வாட்டம் இன்னும் சரியாகவில்லை. உடனே சரிசெய்யவும்.' நோட்டைப் பார்த்து உரிய ஆளை வரவழைப்பது காவலாளியின் வேலை. அவர் வரவழைத்தார், கொத்தனாரை.

உளி, சுத்தி, தரையின் மட்டம் பார்க்கும் ரசமட்டம் சகிதம் படியேறி வந்தவரைக் குழாயக்கா மறித்தாள்.

"என்னண்ணே, எதை இடிக்கப் போறீங்க?"

"மாடியில வாட்டம் சரியில்லையாமே. தண்ணி எந்தப் பக்கம் தேங்குது?"

கொத்தனாருக்கு வாட்டம் என்றால் தண்ணீர் வழிந்தோடத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. தோட்டக்காரிக்கு வாட்டம் என்றால் இலை துவள்வது. சித்தாளாக இருந்தவளுக்கு இரண்டும் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அண்ணே, அது தரை வாட்டம் இல்ல, இலை வாட்டம்!"

"இலைக்கு ரசமட்டம் வைக்கிற அளவுக்கு நான் படிக்கலையேம்மா."

ஆனாலும் நாலு மாடி ஏறி வந்த மனுஷன் சும்மா திரும்புவாரா? ஒரு தொட்டியைத் தூக்கினார். அடித்தட்டில் தண்ணீர் நாறிக் கிடந்தது. வேர்கள் பழுப்பேறி, தொட்டால் கையோடு வந்தன. "தரை சரியாத்தான் இருக்கு. முதல் தண்ணி வடியறதுக்குள்ள அடுத்தது ஊத்தினா எது தாங்கும்?" என்றார்.

செய்தி கேட்டுச் செயலாளர் ஓடிவந்தார், அவசரத்தில் செருப்பில்லாமல். மூன்றடி வைத்ததும் "அம்மாடி!" என்று துள்ளி, தண்ணீர்த்தொட்டி நிழலுக்குப் பாய்ந்தார். அணில் முறைத்துவிட்டு இடத்தைக் காலி செய்தது.

"சார், என் பேச்ச நம்ப வேணாம்" என்றாள் குழாயக்கா. "நல்லாயிருக்கிற பத்துத் தொட்டி எடுப்போம். அஞ்சுக்கு உங்க சட்டப்படி மத்தியானமும் ஊத்துறேன். அஞ்சுக்கு விடியக்காலைல மட்டும். பத்து நாள் கழிச்சு சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்களே எண்ணுங்க."

உச்சிவெயிலில் வேர் குடிப்பதைவிட இலை இழப்பது அதிகம். அதனால் இலை துவண்டு, வெயிலுக்கு முகம் கொடுக்காமல் தப்பிக்கிறது. படித்தவர் சொன்னால் இது அறிவியல், தோட்டக்காரி சொன்னால் சோம்பேறித்தனம். இந்தக் கேடுகெட்ட கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

பத்தாம் நாள் செயலாளர் பென்சிலோடு வந்து எண்ணினார். வேடிக்கை பார்க்கக் கொத்தனாரும் வந்திருந்தார். விடிகாலைத் தொட்டி ஐந்திலும் இலைகள் விறைப்பாக நின்றன. மற்ற ஐந்தில் மூன்று மஞ்சள். மனிதர் மறுபடியும் எண்ணிவிட்டு, "என் விடை தப்பு" என்றார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். "சரிம்மா, இனிமே உன் இஷ்டப்படி வந்துக்கோ."

"இஷ்டம் வேணாம் சார். நாளைக்கு வேறொருத்தர் வந்தா அவர் இஷ்டம் வேறயா இருக்கும். தீர்மானமா போடுங்க. கோடையில பதினொண்ணுலேருந்து நாலு வரைக்கும் யாருக்கும் வெயில்ல வேலை கிடையாதுன்னு."

"யாருக்குமா?"

"வாசல் கூட்டுறவங்க, வண்டி கழுவுறவரு, இந்த அண்ணன். இவங்கல்லாம் பூசணியவிட மட்டமா?"

"என்னைப் பூசணியோட சேத்தாலும் பரவாயில்ல சார், எழுதிடுங்க" என்றார் கொத்தனார்.

சங்கத்தில் இரண்டு கூட்டம் காரசாரமாக நடந்தது. மூன்றாவதில் தீர்மானம் நிறைவேறியது. கணக்கு வாத்தியார்தான் முன்மொழிந்தார்.

மறுநாள் மத்தியானம் வீடு திரும்பிய மகள், அம்மா தலைக்குக் கையை வைத்துக் கூடத்தில் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்துப் பதறினாள். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான்டி இருக்கு. அதனாலதான் படுத்திருக்கேன்" என்று குழாயக்கா மறுபக்கம் புரண்டு படுத்தாள்.