மடிக்கடலை வழக்கு

நேற்று, வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டே பேத்தி ஆங்கிலப் பாடம் ஒப்பித்தாள். வீடு புகுந்து எடுப்பவன் பர்க்ளர், சட்டைப்பையில் கைவிடுபவன் பிக்பாக்கெட், கடையில் சுருட்டுபவன் ஷாப்லிஃப்டர். "தமிழ்ல எல்லாருமே திருடன்தானா தாத்தா?" என்றாள். பிக்பாக்கெட்டுக்குத் தமிழில் முடிச்சவிழ்க்கி என்று சொல்ல வாயெடுத்தேன். கடலை வாசம் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் கோர்ட்டில் நான் பெஞ்சு கிளார்க். மாஜிஸ்திரேட்டின் மேடைக்குக் கீழே எனக்கொரு மேஜை. வெற்றிலைக் கடைக்காரர் கவுளி பிரிப்பதுபோலத் திருடர்களை ரகம் பிரிப்பேன். சும்மா எடுத்தால் தெஃப்ட், அடித்து எடுத்தால் ராபரி, அதையே ஐந்து பேர் சேர்ந்து செய்தால் டெகாய்ட்டி. நாலு பேர் மட்டும் வந்து நின்றால், ஒரு ஆள் குறைகிறதே என்று வருத்தமாகக்கூட இருக்கும்.

அப்படி ஒருநாள் கூண்டில் வந்து நின்ற சவரியம்மாவுக்கு ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். அவள் ரகம், முதலாளி பொருளை வேலையாள் திருடியது. தண்டனை சற்றுக் கூடுதல். கடலை பறித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது மடியில் கடலை இருந்ததாம். அந்தப் பக்கம் பறிக்கிற பெண்கள் கூலி போக ஒரு மடி கடலை கொண்டுபோவார்கள். யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த வருஷம் அவள் முதலில் வேறொருவர் காட்டுக்குப் பறிக்கப் போய்விட்டாள். அதற்குள் மழை பிடித்து, நிலத்துக்காரர் ஆரோக்கியத்தின் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. அந்தக் கோபத்துக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. திருட்டுக்கு இருந்தது; அதில் புகார் கொடுத்துவிட்டார்.

அவளுக்கு வக்கீல் கிடையாது. ஆரோக்கியம் சாட்சி சொல்லி முடித்ததும், "இவரை ஏதாவது கேக்கணுமா?" என்றார் மாஜிஸ்திரேட். அது முறை. இந்த இடத்தில் ஏழைகள் அழத்தான் செய்வார்கள். 'கேள்வி இல்லை' என்று எழுத நான் பேனாவை மையில் தொட்டே வைத்திருந்தேன்.

அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏ அப்பு ஆரோக்கியம், ஒங்காத்தா இருந்தவரைக்கும் ஒருநா எங்க மடியப் பாத்தாகளா?"

ஆரோக்கியம் மேடைப் பக்கம் திரும்பினார்.

"பதில் சொல்லுங்க," என்றார் மாஜிஸ்திரேட்.

"பாக்க மாட்டாக. நானும் பாத்ததில்லங்கய்யா. இந்தத் தடவ வயித்தெரிச்சல்ல பாத்துப்புட்டேன்."

சம்மதம் இருந்தால் திருட்டு இல்லை. விடுதலை. உத்தரவுப்படி, சாட்சிப் பொருளாக இருந்த கடலைப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீயே கொண்டு போ சின்னாத்தா," என்று வராந்தாவில் கெஞ்சினார் ஆரோக்கியம்.

"களவுன்னு பேரு வச்ச கடலையவா? எம்பேரன் தின்னா அவனும் கள்ளனாடா?"

அவரும் வாங்கவில்லை. ஏலம் விட்டோம், கேட்க ஆளில்லை. கோர்ட் அலமாரியில் கிடந்து எலி தின்றது.

அடுத்த அறுவடை முடிந்து வேறொரு வழக்குக்குச் சாட்சியாக வந்தார் ஆரோக்கியம். வெள்ளாமை எப்படி என்று கேட்டு வைத்தேன்.

"நல்லாத்தான் வெளஞ்சுச்சுங்கய்யா. பறிச்சு முடிச்சதும் ஒவ்வொருத்தியா எம்முன்னால வந்து மடிய ஒதறிக் காட்டிட்டுப் போறாளுக. நான் கேக்கவே இல்ல. எடுத்துட்டுப் போங்க ஆத்தான்னு கும்பிட்டும் பாத்துட்டேன்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் மேஜையில் எதையோ தேடினேன். அவர் கோபத்துக்குப் பொருத்தமான பிரிவு போட்டுக் கொடுத்த கூட்டத்தில் நானும்தானே ஒருவன்.

இப்போது அந்தக் கடலைக்காடுகளில் மனைக்கற்கள் நிற்கின்றன. பேத்தி தின்ற கடலை எந்த ஊரில் விளைந்ததென்று பொட்டலத்தில் போடவில்லை. எங்கே விளைந்திருந்தாலும், பறித்தவர்கள் மடி வெறுமையாகத்தான் வீட்டுக்குப் போயிருக்கும்.