முனுசாமிக்கு விட்டு வைத்த இடம்

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அனந்தபுரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருத்தர் தள்ளுவண்டியில் வேர்க்கடலை அவித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை வந்ததும் அஞ்சலையம்மா ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், எனக்கு ஞாபகமெல்லாம் மூக்கு வழியாகத்தான் வரும்.

எதிரே மாடியில்தான் நான் வேலை பார்த்த பிரௌசிங் சென்டர் இருந்தது. நாலு கம்ப்யூட்டர், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிய திமிரோடு நான் உட்கார்ந்திருப்பேன். அஞ்சலையம்மாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. ட்யூட்டி முடிந்ததும் அவித்த கடலையோடு மாடி ஏறி வருவார். என் கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினால் கடலைத் தோலாகக் கொட்டும்.

முதல் நாள் வந்தபோது மடிப்பெல்லாம் இற்றுப்போன ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா முனுசாமி, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவில் இறந்துவிட்டார் என்று பட்டாள நம்பரோடு எழுதியிருந்தது. கடிதம் வந்தபோது அஞ்சலையம்மா கைக்குழந்தையாம்.

"எங்க நைனாவ எங்க பொதச்சானுங்கன்னு பாத்து சொல்லு தம்பி. டாக்டரம்மா வூட்டுக்காரரு பர்மாவுக்குப் போறாராம். ஒரு பிடி மண்ணு எடுத்தாரச் சொல்லணும். எங்கம்மா சாவறப்போ, 'எம் பக்கத்துல அவருக்கு எடம் வுடு'ன்னு சொல்லிட்டுப் பூட்ச்சி."

"வுட்டீங்களா?"

"கல்லு நட்டு வச்சிருக்கேன். எவனாவது அங்க குழி தோண்ட வந்தா போயி சண்ட போடறேன். எத்தினி நாளைக்குப் போடறது?"

போரில் செத்தவர்களின் கல்லறைப் பட்டியலெல்லாம் இன்டர்நெட்டில் இருந்தது. ஒரு மாதம் தேடினேன். ஊர் ஊராக, கல்லறை கல்லறையாக. முனுசாமி எதிலும் இல்லை.

"பொதைக்காம தூக்கியா எறிஞ்சிருப்பானுங்க? நல்லா தேடு" என்றார் அஞ்சலையம்மா.

கடைசியில் அந்தக் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் சீமை ஆபீசுக்கு மெயில் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் லீவு லெட்டர் ஒன்றுதான். அதனால் 'தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்' என்று முடித்திருந்தேன். பாவம், அதற்கும் மதித்துப் பதில் போட்டார்கள். முனுசாமி இந்து என்பதால் மத வழக்கப்படி எரித்துவிட்டார்களாம். கல்லறை கிடையாது, அங்கே நினைவுச் சுவரில் பெயர் வெட்டியிருக்கிறது.

அஞ்சலையம்மா வீட்டில் புதைப்பதுதான் வழக்கம். பட்டாளத்தில் அதை யாரும் கேட்கவில்லை. நாங்களும் புதைத்திருப்பார்கள் என்றே நம்பி கல்லறைகளை மட்டுமே தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். அவரிடம் எப்படிச் சொல்வது? கரண்ட் இல்லை, நெட் இல்லை என்று இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

"எரிச்சிட்டானுங்களா? எங்க வூட்ல யாரயும் எரிச்சதில்லியே! யாரக் கேட்டு எரிச்சானுங்க?" கீழே டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப மண்ணு?"

"மண்ணு இல்லம்மா. பேரு இருக்குது, கல்லுல."

"பேரக் காட்டு."

ஸ்கிரீனில் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாது அவருக்கு. விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இத காயிதத்துல எடுத்துக் குடு தம்பி."

எடுத்ததோடு நிற்காமல், பெரிய மரியாதை செய்கிற நினைப்பில் லேமினேஷன் மெஷினை ஆன் பண்ணினேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"பிளாஸ்டிக் போடாத. மண்ணுல மக்கணும்."

மறுநாள் காலையில் இடுகாட்டுக்கு நானும் போனேன். நட்டு வைத்த கல்லைப் பிடுங்கிவிட்டு, ஒரு முழக் குழியில் அந்தக் காகிதத்தை வைத்தார். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டோம். அஞ்சலையம்மா பக்கத்தில் இருந்த அம்மாவின் மேட்டைத் தொட்டு, "வந்துட்டாரும்மா" என்றார். அழுதுவிட்டார்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அஞ்சலையம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரோட்டை அகலப்படுத்தியபோது இடுகாட்டின் ஓரம் போய்விட்டது. அந்த இரண்டு மேடும் இப்போது தாருக்கு அடியில் இருக்கின்றன. போன வாரம் என் பஸ் அதன் மேல்தான் போனது. முனுசாமிக்காவது பர்மாவில் ஒரு சுவரில் பெயர் இருக்கிறது. இங்கேயே காத்திருந்த அவர் மனைவிக்கு எங்கேயும் இல்லை. முனுசாமி பெயரை ஒரு மாதம் தேடியவன், அந்தம்மா பெயர் என்னவென்று ஒரு நாளும் கேட்கவில்லை. இனி யாரைப் போய்க் கேட்பது?