மஞ்சள் விளக்கைப் பற்றி நான் சொல்லாதது

தம்பி துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அருமனையில் நண்பனைப் பார்க்க என் காரை எடுத்துப் போனவன், மழையில் ஒரு வளைவில் வண்டி சறுக்கி, ரப்பர் மரத்தில் மோதி இறந்துபோனான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். அம்மா என் மடியில்தான் படுத்து அழுதாள்.

காரைச் சரிசெய்து விற்றுவிட நினைத்தேன். மற்ற வேலையெல்லாம் முடிந்தும், டேஷ்போர்டில் சறுக்கும் வண்டியின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பிறகு பின்சக்கரத்தைக் கழற்றி, சக்கரம் சுழலும் வேகத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் ஒயரைக் காட்டினார்.

“இது மோதினதுல அறுந்ததில்ல அக்கா. உள்ள கம்பி பச்ச பிடிச்சு இத்துப் போயிருக்கு. கொறே நாளாச்சு, மாசக்கணக்கா இருக்கும். லைட்டு முந்தியே எரிஞ்சிருக்குமே?”

“இடைக்கிடை எரியும், அணைஞ்சிரும். வண்டி நல்லாத்தானே ஓடுதுன்னு விட்டுட்டேன். சாவியக் குடுக்கும்போ தம்பிகிட்டயும் சொல்லல்ல.” அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். “இது சரியா இருந்தா அவன் பிழைச்சிருப்பானா?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“சறுக்கும்போ வண்டியப் பிடிக்கத்தான் இது இருக்கு. அன்னைக்குப் பிடிச்சிருக்குமான்னு எனக்குத் தெரியாது. பிடிச்சிருக்காதுன்னு சொன்னா, அது பொய்யாக்கும் அக்கா.”

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒயரை மாற்றி முடிக்கும்வரை என்னை அழவிட்டார்.

அன்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவளிடம் மறைத்துக்கொண்டே அவளுக்கு ஆறுதல் சொன்ன நாட்கள் இதைவிடக் கொடுமையாக இருந்தன.