நான் கிள்ளிய வெள்ளை மொட்டுகள்

சண்டிலிப்பாய்த் தோட்டத்தில் இந்த முறையும், நீளத் தண்டில் அடியிலிருந்து அடுக்கடுக்காய்ப் பூக்கும் கிளாடியோலஸ் இரண்டு நிறத்தில் நட்டேன். சிவப்பு மளமளவென்று இடுப்புக்கு மேல் வளர்ந்து, முந்திப் பூத்து, காற்றுக்குச் சரிந்துவிட்டது. வெள்ளை குட்டை, பிந்தித்தான் பூக்கும். ஆனால் தண்டு நிமிர்ந்து நிற்கும். போன வருடமும் இப்படித்தான்.

குருநகரிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் மரியதாசன், மகளின் கலியாணத்துக்கு, தேவாலயப் பீடத்தில் வைக்க வெள்ளைதான் வேண்டும் என்று கேட்டிருந்தான். கலியாணம் நாளைக்கு.

காலையில் பார்த்தால் வெள்ளையில் அடிப்பூக்கள் மட்டும்தான் விரிந்திருந்தன. மேலே எல்லாம் மொட்டு. சாமிக்கு மொட்டு வைக்கிற வழக்கம் எங்கள் சைவக்காரரிடம் இல்லை. அதனால் நுனி மொட்டுகளை எல்லாம் ஒழுங்காகக் கிள்ளிவிட்டு, வெட்டி வாளியில் வைத்தேன்.

மகளோடு வந்த மரியதாசன் வாளியைப் பார்த்துத் திகைத்துப் போனான்.

“என்னண்ணை, தலையைக் கிள்ளிப் போட்டியள்! இவ்வளவு குட்டையாய்ப் போனால் உது கடைசி வரிசை வாங்கிலை இருக்கிற ஆக்களுக்குத் தெரியுமே?”

“மொட்டை எப்பிடியடா தம்பி ஆண்டவருக்கு வைக்கிறது?”

“எங்கடை ஆண்டவர் அது விரியுமட்டும் பாத்துக்கொண்டிருப்பார், அண்ணை!”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மகள்தான் சிரித்தாள். “பெரியப்பா, பீடத்துக்கு அந்த உயரச் சிவப்பைத் தாங்கோ. உந்தக் குட்டை வெள்ளை என்ரை கைக்குச் செண்டு கட்ட அளவாய் இருக்கு.”

சரிந்த சிவப்புக்கு ஈர்க்கு வைத்துக் கட்டி, நிமிர்த்தி, வெள்ளையோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.

நாளைக்கு நானும் கலியாணத்துக்குப் போகிறேன். கலியாணப் பொம்பிளையின் செண்டை யாராவது புகழ்ந்தால், அதற்கென்றே பார்த்துக் கிள்ளினேன் என்று சொல்லலாம்தானே? நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?