ஒன்றாம் எண்ணுக்கு ஒரு ஓட்டு

உலகத்திலேயே சிறந்த கால்பந்து வீரருக்கு வருடா வருடம் கொடுக்கிற தங்கப் பந்து விருது, எங்களைப் பொறுத்தவரை ஆம்பூரில் எங்கள் தெருவில்தான் கொடுக்கப்பட்டது. மேடையும் கோட்டு போட்ட ஆட்களும் எங்கேயோ வெளிநாட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். சண்டையும் அழுகையும் கேக் வெட்டுவதும் எங்களிடம் இருந்தன. அந்த விருதை மாற்றி மாற்றி வாங்கிய இரண்டு வீரர்களில், தெருவில் பாதி வீடு குள்ளமானவர் கட்சி, மீதிப் பாதி உயரமானவர் கட்சி. விருது அறிவித்த மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிறவர்களின் முகத்தைப் பார்த்தே அந்த வருடம் யார் ஜெயித்தார் என்று சொல்லிவிடலாம்.

குள்ளமானவர் கட்சிக்கு எங்கள் தெருச் செயலாளர் என் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி, அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஷூ கம்பெனியிலிருந்து மேல்தோல் மூட்டைகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, பெண்கள் கையால் தைத்து வைத்ததைத் திரும்ப வாங்கி வருவது அவர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளிப் பேனா செருகியிருக்கும். தோலில் எங்கே தையல் வர வேண்டும் என்று கோடு போடுகிற பேனா அது. தைத்து முடித்ததும் ஈரத் துணியால் துடைத்தால் கோடு போய்விடும். இந்த வேலை போக மீதி நேரமெல்லாம் அவர் எங்கள் தெரு அணிக்குச் சொந்தம்.

அந்த அணியில் பதினோரு பேர். அதில் நான் ஒருத்திதான் பெண். எனக்குப் பன்னிரண்டு வயது. கோல் காக்கிற கோலியாக நிற்க ஒரு பையனும் சம்மதிக்காததால் என்னை நிற்க வைத்தார்கள். பாலாற்று மணலில்தான் எங்கள் ஆட்டம். மணலில் விழுந்தால் அடிபடாது என்று கண்டுபிடித்த பிறகு நான் விழ வேண்டிய பந்துக்கும் விழுந்தேன், வேண்டாத பந்துக்கும் விழுந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால் கைப்பிடி மணல் கொட்டும். அதைப் பெருக்கிப் பெருக்கி அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

மணல் மட்டும் காரணம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தார். வேனில் கூட வருகிற பெண்கள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து ஆத்துப் பக்கம் போறத நிறுத்திக்க. பசங்களோட உருண்டு பொரள்ற வயசா இது?"

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு அரசியலில் அவர் எப்போதும் நடுநிலை. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். மூன்றாம் நாள் அம்மா சலித்துப்போய் ஒரு வார்த்தை விட்டார்.

"உன் சித்தப்பன் வாய் ஓயாம சொல்றானே தங்கப் பந்து, அத இந்த வூட்டுக்குள்ள கொண்டாந்து வை. அப்புறம் நீ ஆடு, இன்னா வேணா பண்ணு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

அம்மா சொன்னது உலகத் தங்கப் பந்தை. நடக்காத காரியம் என்பதால்தான் அவ்வளவு தாராளமாகச் சொன்னார். வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சித்தப்பா தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அடுத்த வாரமே, எங்கள் அணிக்கும் ஒரு தங்கப் பந்து விருது உண்டு என்று அறிவித்தார். வெடித்துப்போன பழைய பந்து ஒன்றில் பஞ்சை அடைத்து, துண்டுத் தோல் கடையிலிருந்து தங்க நிறத் தோலை வாங்கி வந்து, சொல்யூஷன் தடவித் துண்டு துண்டாக ஒட்டினார். லேடீஸ் செருப்புக்கு வந்து மிஞ்சிப்போன தோல் அது. ஷூவை மாட்டித் தைக்கிற கால் வடிவக் கட்டை ஒன்றுக்கும் தங்க வண்ணம் அடித்து, அதன்மேல் பந்தை உட்கார வைத்தார். ஒரு வாரத்துக்குச் சொல்யூஷன் வாடை போகவில்லை. நான் பார்த்த பொருள்களிலேயே அழகானது அதுதான்.

"கோலிக்கு எல்லாம் தங்கப் பந்து குடுக்க மாட்டாங்களாமே?" என்று கவலையோடு கேட்டேன்.

"இத்தன வருசத்துல ஒரே ஒரு கோலி வாங்கியிருக்கான்."

"ஒரே ஒருத்தரா?"

"வாங்கியிருக்கான் இல்ல? அப்புறம் இன்னா?"

யாருக்கு என்பதை அவரே முடிவு செய்திருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் சித்தப்பாவுக்கு எல்லாம் உலக முறைப்படி நடக்க வேண்டும். ஓட்டெடுப்பு என்றார். மணலில் எங்களை உட்கார வைத்து, பெரிய விருதுகளுக்குப் பல நாட்டுப் பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போடுவதையும், வேறொரு விருதில் ஒவ்வொரு நாட்டு கேப்டனும் ஓட்டுப் போடுவதையும் விளக்கினார். நம் அணியில் ஆடுகிறவர்கள் மட்டும் ஓட்டுப் போடலாம், தனக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது, யார் யாருக்குப் போட்டார் என்பது கடைசி வரை ரகசியம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சில பெரிய ஆளுங்க தனக்குப் போட்டியா இருக்கிறவனுக்கு ஓட்டே போட மாட்டாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு" என்று சிரித்தார். "போட்டா அவன் ஜெயிச்சுடுவான் இல்ல?"

அன்று அவர் சொன்ன அத்தனையிலும் எங்கள் மண்டையில் ஏறியது அது ஒன்றுதான்.

ஷூ டப்பாவின் அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார். தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் உருதுப் பள்ளி, பாதிப் பேர் தமிழ்ப் பள்ளி. பெயர் எழுதினால் குழப்பம் என்று பனியன் எண்ணை எழுதச் சொன்னார். வீட்டில் நிதானமாக யோசித்து எழுதி ஞாயிற்றுக்கிழமை கொண்டுவர வேண்டும். என் எண் ஒன்று.

நான் மிகவும் நிதானமாக யோசித்தேன். கோல் அடிக்கிறவர்கள் ஒன்பதாம் எண்ணும் பத்தாம் எண்ணும். இவர்களில் யாருக்குப் போட்டாலும் என் கதை முடிந்தது. ஆகவே எந்தக் காலத்திலும் ஜெயிக்க வாய்ப்பில்லாத ஒருவனுக்குப் போட வேண்டும். நான்காம் எண், ஜுனைத்.

ஜுனைத் தெருக்கோடி வீட்டுப் பையன், என் வயதுதான். அவன் காலுக்கும் பந்துக்கும் ஏதோ பழைய மனஸ்தாபம். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கப் போனால், பந்து கிடைத்ததா என்று பார்க்காமல் "அடி பட்டுச்சா?" என்று கேட்டு நிற்பான். பந்து முள்ளுக்குள் போனால் எடுத்து வருவதில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் இல்லை. நான் நீலப் பேனாவால் நான்கு என்று எழுதினேன். இவ்வளவு புத்திசாலித்தனம் தெருவில் வேறு யாருக்கும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆற்று மணலில் விழா. சீட்டுகள் ஒரு ஷூ டப்பாவுக்குள் விழுந்தன. சித்தப்பா தேர்தல் அதிகாரி மாதிரி விறைப்பாக நின்றார்.

"பிரிக்கறதுக்கு முன்ன சீட்ட எண்ணணும். வா, நீயே எண்ணு."

டப்பாவைத் திறந்து, மடித்த சீட்டுகளை மணலில் வரிசையாக வைத்து எண்ணினேன். "பதினொண்ணு" என்றேன் சத்தமாக. சரி என்று தலையாட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார்.

"நாலு."

எல்லோரும் சிரித்தோம். அது என் சீட்டு.

"நாலு." இன்னும் கொஞ்சம் சிரித்தோம். "ஒன்பது. நாலு. நாலு. பத்து. நாலு."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் மணலைக் கிளறிக்கொண்டிருந்தோம். சித்தப்பாவின் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நான்காம் எண்ணுக்கு ஏழு ஓட்டு. ஒன்பதாம் எண்ணுக்கு இரண்டு, அது அவனுடைய சொந்தத் தம்பிகள் போட்டது. பத்தாம் எண்ணுக்கு ஒன்று. ஒன்றாம் எண்ணுக்கும் ஒன்று.

"அண்ணா, தப்பா படிச்சிருப்பீங்க" என்றான் ஜுனைத். "இன்னொரு வாட்டி பாருங்க."

நான் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. எனக்கு விழுந்த ஒரே ஓட்டைச் சித்தப்பாவின் கையில் பார்த்துவிட்டேன். அட்டைமேல் வெள்ளிக் கோடு பளபளத்தது. அவர் சட்டைப் பையிலும் வெள்ளிப் பேனா பளபளத்தது. எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"நீதான போட்ட? பாவம்னு நீ போட்டுட்ட. உன் பிச்சை ஓட்டு எனக்கு வேணாம்!"

அத்தனை பேர் நடுவில், என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதரிடம் அப்படிக் கத்தினேன். சித்தப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஜுனைத் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவர் சட்டென்று தங்கப் பந்தைத் தூக்கி அவன் கையில் திணித்தார்.

"ஆமா, நான்தான் போட்டேன். இன்னா இப்போ?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சீட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கை தட்டுங்கடா. தூக்கிக் காட்டு ஜுனைத்து, நல்லாத் தூக்கு."

எல்லோரும் தட்டினார்கள். குற்ற உணர்ச்சியில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே தட்டினார்கள். நான் தட்டவில்லை. இனி ஆற்றுக்கு வரப்போவதில்லை என்ற நினைப்போடு வீட்டுக்கு ஓடினேன். சித்தப்பாவிடம் ஒரு வாரம் பேசவில்லை.

மறுநாள் காலை, அம்மா கம்பெனி வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஜுனைத் வாசலில் வந்து நின்றான். பள்ளிச் சீருடை. கையில் துண்டால் சுற்றிய மூட்டை. பிரித்தால் தங்கப் பந்து. பெருமை பீற்ற வந்திருக்கிறான் என்று நான் உள்ளே போய்விட்டேன். பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

"ஆன்ட்டி, இது உங்க வூட்லயே இருக்கட்டும்."

"உனக்குக் குடுத்ததுன்னாங்களே? இங்க எதுக்கு?"

"எங்க வூட்ல வைக்க எடம் இல்ல ஆன்ட்டி. சாமான் ஜாஸ்தி."

சொல்லிவிட்டு டீவி மேல் அவனே வைத்துவிட்டு, பள்ளிக்கு நேரமாகிறது என்று ஓடிப்போய்விட்டான். அம்மா அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் பந்தயத்தை நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன் என்பது அவருக்கும் தெரியும். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தங்கப் பந்து வூட்டுக்குள்ள வந்துடுச்சே" என்றார். "போய்த் தொல, ஆடு. சட்டைய மட்டும் வாசல்லயே உதறிட்டு வா."

அப்படித்தான் ஆடினேன். பிறகு பள்ளிக்காக, மாவட்டத்துக்காக, கல்லூரிக்காக. இன்று பாகாயம் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக என் வயிறு நிறைகிறது என்றால் அதற்குப் போட்ட முதல் பிடி சோறு அந்தக் காலைதான். ஆனால் அப்போது நான் ஜுனைத்துக்கு ஒரு நன்றி சொன்னேனா? இல்லை. இடமில்லாமல் தள்ளிவிட்டுப் போனான் என்றே நம்பினேன். அவன் காலில் பந்து பட்டால் போதும், "தங்கப் பந்து வருது, வழி விடுங்க" என்று கோலிலிருந்து கத்துவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

மூன்று வருடம் கழித்து, சித்தப்பாவுக்குக் காய்ச்சல். தைத்து வைத்த மூட்டையை ஜுனைத் வீட்டில் போய் வாங்கி வரச் சொன்னார். அதுவரை நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை. அவன் அம்மா தரையில் உட்கார்ந்து மேல்தோல்களில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கையில் வெள்ளிப் பேனா. பக்கத்தில் ஒரு டம்ளரில் இன்னும் நாலைந்து வெள்ளிப் பேனாக்கள்.

"உக்காரு பேட்டி, ரெண்டு ஜோடி பாக்கி இருக்குது" என்றார், மகளைக் கூப்பிடுவது போல.

உட்கார்ந்தேன். எதிரே சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி. எல்லாத் தட்டுகளிலும் பீங்கான் சாமான்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. நடுத் தட்டு மட்டும் காலி. துடைத்துச் சுத்தமாக இருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"அதுவா? அவன் சின்னதுல ஒரு நாளு தங்கமாட்டம் ஒரு கப்பு ஜெயிச்சுனு வந்தான். அத வைக்கத்தான் அந்தத் தட்டக் காலி பண்ணேன். காலைல பாத்தா, 'அம்மி, இது என்னது இல்ல, எடுத்தும்போய்க் குடுத்துட்டு வர்றேன்'னு தூக்கினு போய்ட்டான். இன்னொண்ணு ஜெயிச்சா வைக்கலாம்னு அப்படியே வுட்டு வெச்சிருக்கேன்."

இரண்டு ஜோடியும் முடிந்தது. மூட்டையை மடியில் வாங்கிக்கொண்டேன். டம்ளரில் இருந்த வெள்ளிப் பேனாக்களை மறுபடி பார்த்தேன். பதினோரு பேரில் பந்தையே தொடத் தெரியாத ஒருவன்தான், யார் நன்றாக ஆடுகிறார் என்று கேட்டதற்கு, யார் நன்றாக ஆடுகிறார் என்று எழுதியிருக்கிறான். மற்ற எங்களுடைய சாமர்த்தியமெல்லாம் சேர்ந்து அவனைக் கேலிப் பொருளாக்கப் பார்த்தபோது, அதை அவனுக்குத் தெரியவிடாமல் மறைக்கத்தான், யார் யாருக்கு எதற்குப் போட்டார் என்று பேச்சு கிளம்பும் முன்பே, சித்தப்பா என் வசவை வாங்கிக்கொண்டார். அவனோ அதை அன்றைக்கே தெரிந்துகொண்டிருந்தான்.

அன்று டப்பாவைத் திறந்து சீட்டுகளை எண்ணியவள் நான்தான். ஆடுகிறவர் பதினோரு பேர், இருந்தது பதினோரு சீட்டு. சித்தப்பாவும் ஒன்று போட்டிருந்தால் பன்னிரண்டு இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் எனக்குப் பதினொன்று வரை எண்ண வந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.