அப்டேட் போக மாட்டேங்குது மிஸ்

தூரத்தில் இருக்கும் கம்பியூட்டரைச் சரிசெய்வது, அடுத்த வீட்டு அடுப்பில் கொதிக்கும் சோற்றை நம் வீட்டில் இருந்தபடியே வடிக்கிற மாதிரியான வேலை. அதைச் செய்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "நாங்க ஒண்ணுமே செய்யலங்க, தானா இப்புடி ஆயிருச்சு" என்பதை நீங்களும் காது புளிக்கக் கேட்டிருப்பீர்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில், இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு மேசை, ஒரு போன், ஒரு கம்பியூட்டர். தேயிலைத் தோட்டங்களில் பாவனையில் இல்லாத பிள்ளைக் காம்பராக்களையும் (வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் காப்பகங்கள்) ஸ்கூல்களில் மூலை அறைகளையும் கழுவித் துடைத்து, நாங்கள் பதினோரு கணினி நிலையங்களைத் திறந்திருந்தோம். எல்லாவற்றிலும் லினக்ஸ். மாதம் ஒரு தடவை நான் ஹட்டனில் இருந்தபடியே ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் நுழைந்து, புதிதாக வந்திருக்கும் மென்பொருள் பொதிகளை இறக்கி அப்டேட் போட வேண்டும். மெஷினுக்கு அரை மணி நேரம் என்று நேர்முகப் பரீட்சையில் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஆறு லயத்துக்கும் ஒரே தேர்

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து நிலையத்தைப் பார்த்துக்கொண்டவள் கலைச்செல்வி. காலையில் முன்பள்ளி டீச்சர், பகலுக்கு மேல் கம்பியூட்டர் டீச்சர். ஒரு மாதம் அவளுடைய மெஷினில் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது. டிஸ்கில் இடம் இல்லையாம். உள்ளே போய்த் தேடினேன். அந்த வருஷத்து மாரியம்மன் தேர்த் திருவிழா வீடியோ ஆறு போல்டர்களில் ஆறு தடவை இருந்தது. போன் போட்டு, எதற்கு ஆறு என்று கேட்டேன். "ஆறு லயம் இருக்கே மிஸ்" என்றாள், தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்லி. "மொத லயத்துக்கு மட்டும் போல்டர் போட்டு வச்சேன். மத்த லயத்து ஆளுங்க மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறாங்க."

ஐந்து பிரதிகளை அழித்துவிட்டு, மீதியிருந்த ஒன்றுக்கு மற்ற ஐந்து போல்டர்களிலிருந்தும் இணைப்புக் கொடுத்தேன். எந்த லயத்துக்காரர் தங்கள் போல்டரைத் திறந்தாலும் தேர் வரும், இடமும் மிச்சம். அப்டேட் ஒழுங்காக ஓடி முடிந்தது. நான் செய்ததைக் கலைச்செல்விக்கு விளங்கப்படுத்தினேன்.  அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நெசமான வீடியோ ஒண்ணுதான்னு யாருகிட்டயும் சொல்லிறாதீங்க மிஸ். அது எந்த லயத்துல இருக்குன்னு கேப்பாங்க."

ஒரு எழுத்து

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் நிலையம் ஆபீசுக்கு ஒட்டின அறை. சாவி, பெரிய துரை என்கிற தோட்ட மேனேஜருக்குக் கீழே கணக்கு எழுதும் கிளாக்கரய்யாவிடம். முப்பது வருஷ சேவை. பேரேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத மனிதர் என்று தோட்டமே சொல்லும். அங்கே லைன் மோசம் என்பதால் ஒரு மாதம் அவரையே அப்டேட்டைத் தொடங்கி வைக்கச் சொல்லியிருந்தேன். தொடங்கிவிட்டதாகத் தகவல் சொன்னார். அடுத்த மாதம் நான் நுழைந்தால், வேறொரு அப்டேட் நடந்துகொண்டிருக்கிறது, அது முடியும்வரை பூட்டைத் திறக்க முடியாது என்று மெஷின் மறுத்தது. பார்த்தேன். நடந்துகொண்டிருந்தது அவர் தொடங்கிய அதே அப்டேட். பத்தொன்பது நாளாக நடந்துகொண்டிருந்தது.

"திரையில ஏதாவது நிக்குதாங்கய்யா?" என்று கேட்டேன். சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா, Y அல்லது N அழுத்து என்று கேட்டபடி ஒரு ஜன்னல் நிற்கிறதாம். அதை அன்றைக்கே பார்த்தாராம். ஏன் அழுத்தவில்லை, என்னிடமாவது கேட்டிருக்கலாமே என்றேன். அவர் மிகவும் பொறுமையாகப் பதில் சொன்னார்: "ஆமாவா இல்லையான்னு கேட்டா, அது பெரிய தொர எடுக்கற முடிவுங்க. அவரு லீவுல இருக்காரு."

பிந்தாத மனிதர்

கொட்டகலையில் ஒரு ஸ்கூலில் கணக்குப் படிப்பித்தவர் சிவபாலன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். அவரைப் பார்த்துத்தான் ஸ்கூல் மணியே அடிப்பார்கள் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவருடைய மெஷின் எந்தப் பொதியையும் ஏற்க மறுத்தது. பொதிகளோடு ஒரு கையொப்பம் வரும், அதை மெஷின் சோதிக்கும். இது இனிமேல்தான் போடப்படவேண்டிய கையொப்பம், நம்ப முடியாது என்றது அது. திகதியைப் பார்த்தேன். 2002 ஜனவரி முதலாம் திகதி.

ஹட்டனிலிருந்து திகதியைத் திருத்தினேன். அடுத்த நாள் காலையில் மறுபடியும் ஜனவரி ஒன்று. நாலு நாள் இப்படியே. இடி மின்னலுக்குப் பயந்து, சேர் பின்னேரம் போகும்போது பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிட்டுப் போகிறார் என்பதை ஐந்தாம் நாள்தான் கேட்டறிந்தேன். மெஷினுக்குள் இருக்கும் பொத்தான் பற்றரி செத்துவிட்டிருந்தது. மின்சாரம் போனதும் அதற்கு எல்லாம் மறந்துவிடும். கொட்டகலைக் கடைவீதியில் மணிக்கூடு திருத்துபவரிடம் அதே அளவில் பற்றரி இருந்தது. நான் போனில் சொல்லச் சொல்ல, சேரே பெட்டியைக் கழற்றி மாற்றினார். ஒவ்வொரு திருகாணியையும் வரிசைப்படி ஒரு கடதாசியில் ஒட்டி வைத்துக்கொண்டே செய்தார். பற்றரி மாற்றியும் அவருக்கு மனம் ஆறவில்லை. "இருபத்திரண்டு வருசத்தில நான் ஒரு நாளும் பிந்தி வந்ததில்லைப் பிள்ளை. என்ர கையில தந்த மெஷின் அஞ்சு வருசம் பிந்தி நிண்டிருக்குது. இதை நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

கெமரா வேலை செய்யாத சனிக்கிழமை

இது முழுக்க என் பிழை. ஒரு வெள்ளிக்கிழமை, கலைச்செல்வியின் மெஷினுக்கு அப்டேட் போட்டேன். அங்கே கூரைமேல் டிஷ் வைத்துத்தான் இன்டர்நெட். மழை பலத்தால் லைன் விழும். அது எனக்குத் தெரியும். ஹட்டனிலேயே மழை கொட்டிக்கொண்டிருந்தது. லைன் அறுந்தாலும் வேலை தொடரும்படி தொடங்க ஒரு வழி உண்டு. அவசரத்தில் அதையும் செய்யவில்லை. பாதிப் பொதிகள் பிரிந்து கிடந்த நிலையில் லைன் அறுந்தது. கலைச்செல்வியை மெஷினை அணைத்துப் போடச் சொன்னேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான் வந்தது. அப்போதுதான் அவள் மெதுவாகச் சொன்னாள். தோட்டத்தின் மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கும் ராமாயி அக்காவின் மகள் புஷ்பா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம். நாளைக்குப் பத்து மணிக்குக் கம்பியூட்டரில் முகம் பார்த்துப் பேச, அங்கே அவள் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா முதல்முதலாக அனுமதி கொடுத்திருக்கிறாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அக்கரப்பத்தனைக்கு முன்னால் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நடந்தேன். நிலையத்துக்குள் நுழையும்போது ஒன்பதேகால். ராமாயி அக்கா கொழுந்து பறிக்கப் போகாமல், எண்ணெய் வைத்துத் தலை சீவி, மடிப்புக் கலையாத பட்டுச் சேலையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பாதியில் நின்ற பொதிகளை முடிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வரி வரியாக ஓடியது. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் திரை உயிர் பெற்றது. மழை தணிந்து லைனும் திரும்பியிருந்தது. சத்தம் வந்தது. கெமரா வரவில்லை. லினக்ஸின் அடிப்படையான கேர்னல் புதிதாக ஏறியிருந்தது, அதற்கு அந்தக் கெமராவைத் தெரியவில்லை. பழையதற்குத் திரும்ப இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

புஷ்பா திரையில் தெரிந்தாள். அம்மாவுக்கு அவளைத் தெரிந்தது, அவளுக்கு அம்மாவைத் தெரியவில்லை. "ஏம்மா, ஒங்க மொகம் வரலியே" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். "இங்க ஏதோ மிஷின் கோளாறாம் புள்ள. நா நல்லாருக்கேன், காலயில ரொட்டி சாப்புட்டேன்" என்று ராமாயி அக்கா சிரித்துச் சிரித்துப் பேசினார். இருபது நிமிஷமும் அந்தக் குரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கண்ணீர் மட்டும் சேலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் ஈரக் கையைப் பிடித்தார். "விடு பாப்பா. கெமரா இருந்திருந்தா நா அழுவுறத அவ பாத்திருப்பா."

அந்த வேலையில் நான் சரிசெய்த கோளாறுகளில் பாதியாவது நானே உண்டாக்கியவைதான் என்று ஒப்புக்கொள்வதற்கு, வேலையை விட்டு இவ்வளவு காலம் ஆனபிறகு எனக்கு அவ்வளவாக வெட்கமில்லை.