அக்காவின் கைராசி

எங்கள் செங்கல் சூளையில் இப்போது தம்பிதான் முதல் தீயை வைக்கிறான். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்படியில்லை. கண்மாய்க்கரையில் தாத்தா சூளை போட்ட நாளிலிருந்து, வீட்டில் வயதுக்கு வராத பெண்பிள்ளைதான் சூடம் கொளுத்தி விறகில் வைக்க வேண்டும். முதலில் அத்தை வைத்தாள். எங்கள் காலத்தில் அந்த யோகம் பெரியப்பா மகளுக்கு.

அக்கா என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். ஆனால் தீ வைக்கிற அன்று அவள் மகாராணி. அறந்தாங்கியிலிருந்து புதுப்பாவாடை வரும். தலை நிறையப் பூ. உடைத்த தேங்காயில் முதல் சில்லு அவளுக்கு. கல் அறுக்கிறவர்கள்கூட கைராசிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். எனக்கு வயிறு பற்றி எரியும். அந்தச் சூட்டிலேயே ஒரு சூளையை வேகவைத்திருக்கலாம். பெரியம்மா, அவளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போய்ச்சேர்ந்தவள். அதனால் தாயில்லாப் பிள்ளை என்று ஊரே அக்காவுக்கு உருகும். நான் அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஒரு பங்குனியில் அவள் தீ வைத்த சூளை, பாதி வேகும்போதே மழையில் மாட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் அரைவேக்காடு, எடுத்த கையிலேயே உதிர்ந்தது. மழையை யாரும் திட்டவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்கள். இவளுக்கு ராசி போய்விட்டது, இன்னொன்றும் இப்படி ஆனால் நாளைக்கு எவன் இவளைக் கட்டுவான் என்று விறகு கொண்டுவருகிறவர் வரைக்கும் பேசினார்கள். அடுத்த சூளைக்குச் சின்னவள் வைக்கட்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அப்பாவும் தலையாட்டினார். பாவாடை என்ன நிறத்தில் வரும் என்பது மட்டும்தான் என் கவலை.

தீ வைக்கிற அன்று காலையில் அம்மா எனக்குப் பழைய கவுனை மாட்டிவிட்டாள். இலுப்பூரில் தன் அப்பாவுக்கு நெஞ்சுவலியாம், உடனே போக வேண்டுமாம். பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார் அப்பா.

"எம்புள்ள எங்கூடத்தான் வரும்ங்க. வேற ஆளப் பாருங்க."

வேறு ஆள் ஏது? அக்காவையே கூப்பிட்டார்கள்.

நான் மண்ணில் புரண்டு அழுதேன். பெற்ற தாயே என் வாயில் மண்ணைப் போட்டு அவளுக்குப் பட்டம் கட்டுகிறாளே! நெஞ்சுவலிக்காரர், நாங்கள் போய் இறங்கியபோது கடைவாசலில் வடை தின்றுகொண்டிருந்தார். சூளையும் அந்தத் தடவை நன்றாகவே வெந்தது. பாவாடை பச்சை நிறமாம்.

அன்று காலையில் பஸ்ஸுக்குச் சூளையைத் தாண்டித்தான் போனோம். குளித்த ஈரத்தலையோடு, கையில் சூடத் தட்டோடு அக்கா நின்றிருந்தாள். ஜெயித்துவிட்டாள், இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்துப்போன அம்மாவின் கையையே, நாங்கள் பஸ் ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.